கிடா முட்டிய கூடை

ஏரிக்குக் கீழே மங்காவரம் என்பவளுக்கு அரைக் காணி கத்தரி இருந்தது. வரப்போரம் காய்ந்த மூங்கில் அடுக்கு. அதைத் துளைத்துக் குடியிருந்தன கட்டைவிரல் பருமனுள்ள கருவண்டுகள். கத்தரிப்பூவில் உட்கார்ந்தால் பூவையே கிடுகிடுவென்று உலுக்கும். சத்தம் பத்தடிக்குக் கேட்கும்.

பக்கத்து நிலம் அவள் கொழுந்தன் ஏகாம்பரத்துடையது. புதிதாக நாலு தேனீப் பெட்டி வைத்திருந்தான். அவன் வீட்டு உத்தரத்திலும் கருவண்டு ஓட்டை போட்டுவிட்டது. ஊர்ப் பெரியவர்களோடு வந்து நின்றான், கையில் மண்ணெண்ணெய்.

"அண்ணி, மூங்கிலைக் கொளுத்தப் போறேன். உன் கத்தரி காய்க்கிறது என் தேனீயால. இந்தக் கரும்பூதத்தால இல்ல."

மங்காவரம் மூங்கில்மேல் ஏறி உட்கார்ந்தாள். "ஊத்து தம்பி. என் தலையிலயும் சேர்த்து ஊத்து."

பெரியவர்கள் முழித்தார்கள். அவளே வழி சொன்னாள்: "பத்துச் செடிக்குக் கூடை கவுக்கிறேன். சுண்டுவிரல் நுனி மட்டும் நுழையிற கண்ணு வச்ச கூடை. உன் தேனீ போகும், என் வண்டு போகாது. காய்ச்சா நானே கொளுத்துறேன்."

மொட்டு விட்டதும் கூடைகள் கவிழ்ந்தன. மறுநாளே ஏகாம்பரத்தின் கிடா முட்டி, ஒரு கூடையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. வேறு கூடை வைக்கச் சொன்னார்கள். "இருக்கட்டும்" என்றாள்.

ஒரு மாதம் போயிற்று. தேனீக்கள் பத்துக் கூடைக்குள்ளும் போய்வந்ததை ஊரே பார்த்தது. ஒன்பது கூடையைத் தூக்கினால் ஒன்பது செடியிலும் பூவெல்லாம் உதிர்ந்து, ஒன்றிரண்டு சூம்பல் காய்தான். வெளியே நின்ற செடிகளிலோ கொத்துக் கொத்தாய்.

ஏகாம்பரம் விடுவானா? "கூடை நிழல் அண்ணி! வெயில் படாத செடி எங்க காய்க்கும்?"

பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் தீப்பெட்டியே எடுத்துவிட்டார்.

"அவசரப்படாதீங்க. உன் கிடா முட்டின கூடை பாக்கி இருக்கு. நீயே தூக்கு தம்பி."

தூக்கினான். கிளை வளையக் கத்தரிக்காய்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். நிழல் என்ற ஏகாம்பரம், வண்டு என்ற மங்காவரம், இதில் யார் சொன்னது சரி?

விடை: பத்துக் கூடைக்கும் ஒரே நிழல். பத்திலும் தேனீ நுழைந்தது. கருவண்டு நுழைந்தது கிடா போட்ட ஓட்டையில் மட்டும். கத்தரிப்பூ தன் மகரந்தத்தைக் குழலுக்குள் இறுக்கி வைத்திருக்கும், உலுக்கினால்தான் உதிர்க்கும். தேனீக்கு அப்படி உலுக்கத் தெரியாது, கருவண்டுக்குத் தெரியும். மங்காவரம் தீப்பெட்டியை வாங்கி மடியில் செருகிக்கொண்டாள். "அடுப்புக்கு ஆகும். நீ போய் உத்தரத்துக்குத் தார் பூசு தம்பி. கிடாவுக்கு அகத்தி அனுப்புறேன். இந்த ஊர்ல எனக்குச் சாட்சி சொன்னது அது ஒண்ணுதான்."