வலப்பக்கம் போன ஆறு

ஜப்பான் தேசத்தில் முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார், கேளுங்கள். பல்லக்கில் ஏறினாலே அவருக்குத் தலைசுற்றும். பாவம், தன் நாட்டைப் படத்தில்தான் பார்ப்பார். மலையும் வயலும் ஆறுமாக ஒவ்வோர் ஊரையும் மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுத்துக் கொண்டுபோக வேண்டும். அதைப் பார்த்துத்தான் வாய்க்கால் வெட்ட ஆள் அனுப்புவார்.

தண்ணீரில்லாமல் வெடித்துக் கிடந்த கவானோ ஊரின் முறை வந்தது. செதுக்கியவள் ஒகினு. வரைந்த தாளைப் பலகையில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்கினால்தான் அச்சு நேராக விழும். வாய்க்கால் வரப்போகிற சந்தோஷத்தில் அவள் நிமிர்த்தி ஒட்டிவிட்டாள்!

அவள் புருஷன் யசுகே கறுப்பு அடித்தான், நீலம் அடித்தான், பச்சை அடித்தான். தாளை எடுத்தால், ஊருக்கு இடப்பக்கம் ஓடும் ஆறு வலப்பக்கம் ஓடியது. ஒகினுவுக்குப் பகீரென்றது. மறுபடி செதுக்க நாள் இல்லை.

“ராஜா நம்ம ஊரைப் பார்த்தாரா என்ன? பேசாம இரு” என்றான் யசுகே.

“படம் அழகா இருக்கும்மா. ஆள் வந்த பிறகு ஆத்தைக் காட்டிக்கலாம். பேசாம இரு” என்றார் ஊர்த்தலைவர்.

“தப்புன்னு தெரிஞ்சா கிழிச்சுப் போட்டுடுவார். பேசாம இரு” என்றான், படத்தோடு போனவளிடம் விஷயத்தைக் கேட்ட அரண்மனைக் காவல்காரன்.

ராஜா படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார். “வலப்பக்க ஆற்றிலிருந்து வெட்டுங்கள்” என்றார்.

வாயைத் திறந்தால் வாய்க்கால் போய்விடுமே! ஆனாலும் பொய்யான படத்துக்கு அவர் பூரிப்பதை ஒகினுவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“ஆறு இடப்பக்கம், மகாராஜா. தாளை மாத்தி ஒட்டிட்டேன். தப்பு என்னுது.”

“சரியான படம் எங்கே?” என்றார் ராஜா.

“உங்க கையிலதான் இருக்கு” என்றாள் ஒகினு. தாளை வாங்கி, பின்பக்கம் அவரைப் பார்க்கும்படி திருப்பி, ஜன்னல் வெயிலில் பிடித்தாள். மெல்லிய காகிதமல்லவா? ஆறு இடப்பக்கம் வந்து நின்றது, மலையும் வயலும் தத்தம் இடத்துக்கு வந்தன.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். “இவள் சொன்னால் நான் நேரில் பார்த்த மாதிரி. முதல் வாய்க்கால் கவானோவுக்கே” என்றார்.

நடவுக்கு முன்பே தண்ணீர் வந்தது. பேசாமல் இருக்கச் சொன்ன ஊர்த்தலைவர்தான் முதலில் குதித்துக் கும்மாளம் போட்டார்.

பிள்ளைகளே, தன் தப்பைத் தானே முன்வந்து சொல்கிறவரின் சொல்லைத்தான் உலகம் நம்பும்.