கிழமேல் பாதையும் பலாமர வளைவும்

"இந்த வளைவை வெச்சவன் மட்டும் என் கையில கெடச்சான்னா!" என்று பல்லைக் கடித்தது நரி மிடுக்கன்.

பலாமரத்தடிக்கு வரும்போதெல்லாம் அது இதையே சொல்லும். அந்தக் காட்டில் கிழக்கு மேற்காக ஓடியது ஒரே ஒரு பாதை. கிழமேல் பாதை என்று பேர். கிழக்கே தாமரைக் குளத்தில் புறப்படும். புளியந்தோப்புக்குள் நுழைந்து, கறையான் புற்றுகளை ஒட்டி, நூல் பிடித்த மாதிரி மேற்கே போகும். நல்ல பிள்ளையாகப் போய்க்கொண்டிருந்த பாதை, பெரிய பலாமரம் வந்ததும் சடாரென்று தெற்கே திரும்பிவிடும்! நாணல் காட்டைப் பெரிய வட்டமாகச் சுற்றி, கல்லோடையைத் தாண்டி, அப்புறம்தான் மறுபடி மேற்கைப் பார்க்கும். முடிவில் ஏரி.

நாணல் காட்டுக்கு நடுவே நேராகப் போனால் பாதி நடை மிச்சம். பின்னே எதற்கு இந்தச் சுற்று?

அதற்குக் குரங்கு சடையன் ஒரு வரலாறு வைத்திருந்தது. கேட்டாலும் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும்.

"இந்தப் பாதையைப் போட்டது யானைங்க. ஏரித் தண்ணியைத் தேடி நேராத்தான் போச்சுங்க. பாதி வழியில பலாப்பழ வாசனை! அவ்வளவு நீள மூக்கு, சும்மா இருக்குமா? தெற்கே திரும்பிடுச்சு. பின்னால வந்ததெல்லாம் முன்னால போனதோட வாலைப் பாத்தே நடந்துச்சு. யாரோ ஒரு யானையோட நாக்கு ருசிக்கு நாம இன்னிக்கும் கால் கடுக்க நடக்கிறோம்!"

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பாதை போட்ட யானைகளிடம் போய் ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை. சிரிக்க நேரம் இருந்தது, கேட்க நேரம் இல்லை. என்னத்தைச் சொல்ல!

அந்தக் கோடையில் தாமரைக் குளம் வற்றிவிட்டது. தவளைகூட மண்ணுக்குள் போய்விட்டது. இனி தண்ணீர் என்றால் மேற்கே ஏரிதான். ஒவ்வொரு கூட்டமாகக் கிளம்பிப் போனது. யானைகளும் கிளம்பின. காட்டெருமை கருப்பாயி மட்டும் பலாமரத்தடி வரை வந்து, அதற்குமேல் முடியாமல் படுத்துவிட்டது. நிறைமாதச் சினை. வயிறு தரையைத் தொட்டது.

"தண்ணி இல்லாத இடத்துல கன்னு போட்டா எனக்குப் பால் சுரக்காதே! பால் இல்லேன்னா அது எப்படிப் பொழைக்கும்? இந்தச் சுத்தைச் சுத்தி நான் எப்ப ஏரிக்குப் போய்ச் சேர?" என்று அழுதது.

மிடுக்கனுக்கு மனசு கரைந்தது. பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே கரைந்தது. கூடவே இன்னொரு ஆசையும் முளைத்தது. பாதைக்குத் தன் பேர்!

"அழாதீங்க அக்கா! இந்த வளைவையே நிமிர்த்திடுறேன். நாணலை வெட்டி நேர்வழி போடுறேன். மிடுக்கன் நேர்வழி! பேர் எப்படி இருக்கு?"

"பேர் கெடக்கட்டும் தம்பி, வழியைப் போடு" என்றது கருப்பாயி.

நாணல் வெட்ட ஆள் வேண்டுமே. முள்ளம்பன்றிகளும் முயல்களும்தான் அகப்பட்டன. நரி கூப்பிட்டால் முயல் வருமா? "இந்த நேர்வழியில ஒருத்தராவது நடந்து ஏரிக்குப் போய்ச் சேருற வரைக்கும் முயல் மேல என் பல் படாது! இது சத்தியம்!" என்று மிடுக்கன் காட்டுக்கே கேட்கும்படி கத்தியது.

"நரி இடம் போனா என்ன, வலம் போனா என்ன, மேல விழுந்து பிடுங்காம இருந்தாச் சரி!" என்று முள்ளம்பன்றிகள் வேலையில் இறங்கின. முயல்களும் இறங்கின. கொஞ்சம் மெதுவாகத்தான் வெட்டின. பாவம், அவற்றைக் குறை சொல்ல முடியுமா?

ஒருவழியாக நாணல் காட்டுக்குள் அகலமாக ஒரு வழி திறந்தது. வெட்டிய நாணல் இரண்டு பக்கமும் மலைமலையாகக் குவிந்தது. தரை காய்ந்து வெடித்துக் கெட்டியாகத் தெரிந்தது. மிடுக்கன் அதில் ஓடியது. குதித்தது. உருண்டும் காட்டியது.

"என் கனத்தைத் தாங்குமா தம்பி?" என்று கேட்டது கருப்பாயி.

"என்ன அக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! முயல் அத்தனையும் வரிசையா நின்னு குதிச்சுச்சு. ஒரு பொட்டு மண்ணு அசையலையே!"

"ஆமா! ஆமா!" என்றன முயல்கள்.

மறுநாள் காலை திறப்பு விழா. வழிக்குக் குறுக்கே நாணல் பூச்சரம் கட்டினார்கள். சடையன் பேச எழுந்தது. எழுந்தது சரி, உட்கார வேண்டாமா? "முன்னொரு காலத்தில ஒரு பேராசை பிடிச்ச யானை..." என்று ஆரம்பித்து இழு இழு என்று இழுத்தது. கருப்பாயி இடுப்பு வலியோடு வெயிலில் நின்றது.

"போதும்டா சாமி! எனக்கு வலி எடுக்குது, உனக்கு வரலாறா!" என்று கத்திவிட்டு, பூச்சரத்தைக் கொம்பால் அறுத்துக்கொண்டு நடந்தது.

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். முயல்கள் மட்டும் ஓடத் தயாராக நின்றன. அக்கா அக்கரை சேர்ந்ததும் சத்தியம் முடிந்துவிடுமே!

கருப்பாயி நாணல் காட்டின் நடுவுக்கு வந்தது. தரை ஒரு முறை லேசாக ஆடியது. அடுத்த அடி வைத்தது. படீர்! பாலின் மேல் கட்டிய ஏடு போல மேல்மண் கிழிந்தது. கீழே கருகருவென்று சேறு! முன்கால் இரண்டும் உள்ளே போயின. பின்கால்களும் போயின. உதறிய உதறலில் இன்னும் இறங்கியது. வயிறு சேற்றில் பதிந்தது.

"ஐயோ, என் கன்னு! என் கன்னு!" என்று அது அலறியபோது, ஆரவாரம் செய்த வாய்கள் எல்லாம் அடைத்துப்போயின.

மிடுக்கன் வாலைச் சுருட்டிக்கொண்டு, பழைய பாதையில் தெற்கே ஒரே ஓட்டமாக ஓடியது.

"பாத்தியா! மாட்டிவிட்டுட்டு ஓடுறான் படுபாவி!" என்று முயல்கள் தூற்றின.

ஆனால் மிடுக்கன் தப்பி ஓடவில்லை. வளைவின் தெற்குக் கோடியில் யானைக்கூட்டம் நிழலுக்கு ஒதுங்கியிருந்தது. நரி நாக்குத் தொங்கப் போய் விழுந்த இடம், பெரிய யானை பூவாத்தாவின் காலடி.

"ஆத்தா! நான் தப்புப் பண்ணிட்டேன்! கருப்பாயி அக்கா சேத்துல முங்குது. திட்டறதை அப்புறம் திட்டுங்க, இப்ப வாங்க!"

பூவாத்தா திட்டவில்லை. விறுவிறுவென்று நடந்தது. வந்து, கெட்டித் தரையின் ஓரத்தில் நின்றது. முன்காலால் மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"இதுக்கு மேல நான் வந்தா ரெண்டு பேரும் உள்ளேதான். கருப்பாயி! உதறாதே, அசையாம இரு! ஏய் முயலுங்களா, முள்ளம்பன்றிங்களா! உங்களைத்தான் இந்த மண்ணு தாங்குதே. வெட்டின நாணலை எல்லாம் கட்டுக் கட்டா இழுத்துட்டுப் போய் அவ காலைச் சுத்தித் திணிங்க! சடையா! வாயை மூடிட்டு, அந்தக் காட்டுக்கொடியை அவ கொம்புல சுத்து!"

அப்புறம் நடந்த வேலையைப் பார்க்க வேண்டுமே! முயல்கள் மெதுவாகச் செய்யவில்லை. நாணல் மலைகள் கரைந்தன. சடையன் வாயே திறக்காமல் கொடியைச் சுற்றியது. மிடுக்கன் சேற்றில் கழுத்துவரை நின்று நாணலை வயிற்றுக்கடியில் தள்ளியது.

"இப்ப மிதி!" என்றது பூவாத்தா, கொடியைத் துதிக்கையில் பிடித்து இழுத்தபடி.

கருப்பாயி நாணலில் கால் ஊன்றியது. ஒரு கால் வந்தது. இன்னொரு கால் வந்தது. சளப்பென்று ஒரு சத்தம்! கெட்டித் தரையில் வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வாங்கியது. பிறகு மெல்லச் சொன்னது: "உள்ளே உதைக்குது. என் கன்னு உதைக்குது!"

அப்பாடா! எல்லாரும் அழுதார்கள், சிரித்தார்கள். முள்ளம்பன்றி நரியைக் கட்டிக்கொள்ள வந்தது, நரி அலறி விலகியது.

பூவாத்தா கருப்பாயியை முட்டுக்கொடுத்து, பழைய பாதையில் மெதுவாக நடத்திக்கொண்டு போனது. வழியில் சடையன் தயங்கித் தயங்கிக் கேட்டது: "ஆத்தா, அப்ப அந்தப் பலாமரம்? அதுக்காகத்தானே உங்க ஆளுங்க திரும்புனாங்க?"

பூவாத்தா காது இரண்டும் விரியச் சிரித்தது.

"அட மடையா! பலா அங்க இருந்ததால யானை திரும்பல. எங்க ஆளுங்க கால் வெச்சுப் பாத்தாங்க, மண்ணு உள்வாங்குச்சு, திரும்பிட்டாங்க. வேற எங்கயோ தின்ன பலாப்பழத்தோட கொட்டையை இங்க சாணியில போட்டுட்டுப் போனாங்க. யானை திரும்பினதாலதான்டா அங்க பலாவே முளைச்சுது! யானைக் கால் அழுத்திப் பாத்த வழியில எறும்பும் போகலாம். முயல் குதிச்சுப் பாத்த வழியில யானை போக முடியுமா?"

சடையனுக்கு அதன்பிறகு வரலாறு வரவில்லை.

சாயங்காலம் ஏரிக்கரை வந்தது. தண்ணீரைக் குடித்து முடித்த கையோடு கருப்பாயி கன்று போட்டது. கிடாரிக் கன்று. சேறும் சிரிப்புமாக எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

ஒரு முயல் மட்டும் தொண்டையைச் செருமியது. "மிடுக்கண்ணே, உங்க நேர்வழியில நடந்து யாரும் ஏரிக்கு வந்து சேரலையே. அப்ப அந்தச் சத்தியம்?"

"சத்தியம் சத்தியம்தான்!" என்றது நரி, பசியோடு.

கன்று தள்ளாடி எழுந்து தண்ணீரை நோக்கிக் காலை நீட்டியது. "பொறு" என்று கருப்பாயி அதைத் தடுத்தது. தன் கனத்த காலைக் கரையில் ஊன்றி, முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்திப் பார்த்தது. மண் அசையவில்லை. பிறகுதான் விலகி வழிவிட்டது. கன்று பயமில்லாமல் இறங்கியது. மிடுக்கன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றது.

எல்லாரும் நடக்கிற வழி உறுதியா என்று லேசாக நடப்பவரைக் கேட்காதே, பெரும் பாரம் சுமப்பவரைக் கேள்.