வெளிவாசலில் நின்ற களிம்பு

செம்பியக்கோட்டை மன்னர் கோதண்டவர்மருக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்துவிட்டது. உச்சிவெயிலில் வேட்டையாடுகிறவர் முகத்தில் வேறென்ன படரும், மல்லிகையா? அரண்மனை வைத்தியர் தாண்டவராயர், "களிம்பு தருகிறேன், இரவில் மெலிதாகத் தடவுங்கள். வெயில் படக்கூடாது. குறைய மாதக்கணக்காகும்" என்றார். பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அயல்நாட்டிலிருந்து கங்காதர பண்டிதர் ஒரு வெள்ளிச் சிமிழோடு வந்து சேர்ந்தார்.

"இதைப் பூசினால் விடிவதற்குள் மங்கு போன இடம் தெரியாது, அரசே!"

"கேட்டீரா தாண்டவராயரே? அப்படிப் போய்விட்டால் நீரும் நாட்டைவிட்டுப் போகலாம்" என்றார் மன்னர்.

சபையில் விகடம் பேசிப் பிழைக்கும் சாத்தப்பர் எழுந்தார். வைத்தியர் அவருடைய நெடுநாள் சிநேகிதர்.

"பண்டிதரே, சிமிழுக்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறது?"

"அது எங்கள் குலரகசியம்."

"ரொம்ப நல்லது. அரசே, அயல்நாட்டுத் தூதர் வந்தால் நேரே உங்களிடம் விட்டுவிடுவோமா?"

"அதெப்படி? வெளிவாசலில் ஒரு நாள் தங்கவைத்து, ஆள் எப்படி என்று பார்த்துத்தான் உள்ளே விடுவோம்."

"இந்தக் களிம்பும் அயல்நாடுதான். உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்ல மறுக்கிறது. இது மட்டும் நேராக முகத்துக்கே போவது என்ன முறை?"

முறை என்றால் மன்னருக்கு உயிர். "சரி, இதற்கு வெளிவாசல் எது?"

"முழங்கையின் உள்மடிப்பு. ஒரு பொட்டு வைத்தால் போதும்."

"என் மருந்துக்கு இது அவமானம்!" என்று குதித்தார் பண்டிதர்.

"தூதர்களும் இப்படித்தான் சொல்வார்கள். சோறு போட்டால் சரியாகிவிடும்" என்றார் சாத்தப்பர்.

மறுநாள் காலை பொட்டு வைத்த இடம் சிவந்து கொப்புளித்திருந்தது. மன்னர் கையைப் பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார். பண்டிதரைத் தேடினால் ஆளையே காணோம்.

"தாண்டவராயரே, உம் களிம்பையே போடும். ஆனால் வெயிலுக்கு நான் ஒளிய மாட்டேன். வேட்டைக்குப் போகும் அரசன் நிழல் தேடினால் ஊர் சிரிக்காதா?"

வைத்தியர் கையைப் பிசைந்தார். "வெயில் பட்டால் என் களிம்பு பலிக்காது, அரசே. பலிக்காவிட்டால் மறுபடி என்னைத்தானே துரத்துவீர்கள்?"

சாத்தப்பர் சிம்மாசனத்துக்கு மேலே கைகாட்டினார். அங்கே வெண்கொற்றக்குடை கம்பீரமாக விரிந்திருந்தது, கூரைக்கு அடியில்.

"அரசே, இந்தக் குடை உலகத்துக்கே நிழல் தருகிறது என்று புலவர்கள் தினமும் பாடுகிறார்கள். நீங்களும் பரிசு கொடுக்கிறீர்கள்."

"ஆமாம், அதற்கென்ன?"

"அந்த உலகத்தில் உங்கள் கன்னம் சேர்த்தியா, இல்லையா?"

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். குடை அன்றே வேட்டைக்குப் புறப்பட்டது. அதைப் பிடிக்கும் பெருமையைச் சாத்தப்பருக்கே பரிசாகக் கொடுத்தார்.

மாதம் போகப்போக மன்னர் முகம் தெளிந்தது. குடைக்கு வெளியே நடந்த சாத்தப்பர்தான், களிம்பு கேட்டுத் தாண்டவராயர் வீட்டுக்குப் போனார்.