சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன்

இந்தப் புதிரில் மூன்று பேர், இரண்டு கிட்டார்கள், ஒரு தவறு. தவறு யாருடையது என்பதுதான் கேள்வி. இதுவரை யாருக்கோ நடந்ததாகத்தான் சொல்லிவந்தேன். ஒத்திகை இடைவேளையில் சொல்வேன். டீ ஆறுவதற்குள் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இன்று எனக்கு நடந்தது என்றே சொல்கிறேன்.

கிளமென்ட்டும் நானும் சென்னையில் ஒரே ஆர்கெஸ்ட்ராவில் இருபத்தாறு வருஷமாக வாசிக்கிறோம். அவன் லீட் கிட்டார், நான் பக்கத்தில் ரிதம். அதாவது கைதட்டல் அவனுக்கு, முதுகுவலி இருவருக்கும். ஐம்பத்தைந்து வயதில் அவனுக்கு விரல் மூட்டுகளில் வலி பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரே ஒரு கிட்டார் வாங்குவேன், அதோடு சரி என்றான். அதுவும் அறுபதுகளில் செய்த, உள்ளே வெற்றுக் கூடாக உள்ள எலக்ட்ரிக் கிட்டாராக இருக்க வேண்டும். முழுக் கட்டையில் செய்த கிட்டாரில் வராத கனிந்த நாதம் அதில் வரும்.

இரண்டு வருஷம் தேடினோம். புதுச்சேரியில் பார்த்த ஒன்றுக்குக் கழுத்து வளைந்திருந்தது. பெங்களூரில் ஒன்றுக்கு யாரோ தடிமனாகப் புதுப் பெயிண்ட் அடித்துப் பாழாக்கியிருந்தார்கள். கடைசியில் பெரம்பூரில் மிஸஸ் ரோசாரியோ வீட்டைக் கண்டுபிடித்தோம். காலமான அவர் கணவர் ஹோட்டல் பேண்டில் வாசித்தவர். அவர் விட்டுப்போனவை இரண்டு: ஒன்று மஞ்சளும் பழுப்புமானது, மற்றது அடர் சிவப்பு. இரண்டுக்கும் ஒரே விலை. மேடையில் வாசிப்பவருக்குத்தான் கொடுப்பேன் என்று அந்த அம்மாள் ஒரு நிபந்தனையும் போட்டார். கிளமென்ட்டால் ஒன்றைத்தான் வாங்க முடியும்.

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வழக்கம். கிட்டார் வாங்குகிறவன் தானே தேர்ந்தெடுக்க மாட்டான், வர்ணத்தைப் பார்த்துக் கண் மயங்கிவிடும் என்று. அவன் வாசிக்க வேண்டும். கூட வந்தவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து காதால் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பை யாரும் மாற்றியதில்லை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கிளமென்ட் ஒரே மெட்டை இரண்டிலும் வாசித்தான். முதலாவது தெளிவாகப் பேசியது. இரண்டாவது ஜலதோஷம் பிடித்தவர் பாடுவதுபோல் இருந்தது. முதலாவது என்றேன். மஞ்சள் கிட்டார். அது சத்தியமான தீர்ப்பு.

மனைவிக்கு போன் செய்ய அவன் வெளியே போனான். பணம் இன்னும் கை மாறவில்லை. சிவப்புக் கிட்டாரைப் பெட்டியில் வைக்கக் குனிந்தபோது, மேல்பலகையின் நீளத் துளைக்குள் வெள்ளையாகத் துணி தெரிந்தது. எனக்கு உடனே புரிந்தது. மேடையில் ஸ்பீக்கர் சத்தம் இந்தக் கூட்டுக்குள் புகுந்தால் கிட்டார் ஊளையிடும். அதைத் தடுக்கத் துணி திணிப்பார்கள். ஜலதோஷம் கிட்டாருக்கு இல்லை, துணியால் வந்தது. துணியை எடுத்துவிட்டால் இரண்டில் எது நல்லது என்று மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். நான் பெட்டியை மூடினேன். எனக்கு அந்தக் கிட்டார் வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதற்கு மேல் நான் சொல்ல ஒரு நியாயமும் இல்லை.

கிளமென்ட் விரல்களை நீவிக்கொண்டே உள்ளே வந்தான். "ரெண்டாவதுல கழுத்து ஒடுக்கம்டா. விரல் வலிக்கவே இல்ல. ஆனா உன் காது முதல்னு சொல்லிடுச்சு," என்றான்.

நான் வாய் திறக்கவில்லை. அவன் பணத்தைக் கொடுத்தான்.

பத்து நாள் கழித்துத் தனியாகப் போய்ச் சிவப்பை நான் வாங்கினேன். மேடையில் வாசிப்பேன் என்று அந்த அம்மாளுக்கு வாக்கும் கொடுத்தேன். அவர் சிரித்தார். "எங்க வீட்டுக்காரர் மேடைக்கு இதைத்தான் எடுத்துட்டுப் போவாரு. துணி நான்தான் கிழிச்சுக் குடுத்தேன்," என்றார். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க பெரிய நீதிபதி மாதிரி சுவரைப் பாத்து உக்காந்தீங்க. குறுக்க பேசலாமா?"

வீட்டில் வளைந்த கம்பியால் துணியை உருவிவிட்டு மீட்டினேன். மஞ்சளைவிட எத்தனையோ படி மேல். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்று அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கிளமென்ட் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் மேடைக்கு அதை எப்படிக் கொண்டுபோவேன்? அவனோ மஞ்சள் கிட்டாரில் நாலு பாட்டு வாசித்துவிட்டுக் கையை உதறுகிறான்.

தன் விரல் சொன்னதை விட்டு இன்னொருவன் காதை நம்பினான் வாங்கியவன். தனக்குத் தெரிந்ததை யாரும் விசாரிக்காததால் சொல்லவில்லை விற்றவர். உண்மையான தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் பிறகு பார்த்ததைச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டவன். இந்த மூவரில் யார் செய்தது தவறு?

விடை: கேட்டவன். வாங்கியவன் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டான். துணி இருப்பது அவனுக்குத் தெரியாது. விற்றவர் இரண்டையும் ஒரே விலைக்குத்தான் வைத்திருந்தார். எது போனாலும் அவருக்குக் கூடுதல் லாபம் இல்லை. மௌனத்தால் லாபம் பார்த்தவன் ஒருவன்தான். தீர்ப்புச் சரியா தப்பா என்பதே கேள்வி இல்லை. துணியைப் பார்த்த நேரத்தில் பணம் இன்னும் கை மாறவில்லை. கிளமென்ட்டிடமும் இந்தப் புதிரைப் போட்டேன், ஊரும் பேரும் மாற்றி, கிட்டாரை வீணையாக்கி. அவன் யோசிக்கவே இல்லை. "கேட்டவன் மேல தப்பு இல்லடா. கூட்டாளிக்காக அவ்வளவு தூரம் வந்தவன் வேணும்னேவா செஞ்சிருப்பான்?" என்றான். அடுத்த மாதம் அவன் விரல் வலியால் ஆர்கெஸ்ட்ராவை விட்டு விலகுகிறான். தன் இடத்தில் லீட் வாசிக்க என் பெயரைச் சொல்லியிருக்கிறான்.