கூப்பிடும் வாத்து

கண்மாய்க் கரையில் இருந்த அந்த மடத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். உள்ளூரில் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. வெளியூர்க்காரர்கள்தான் வந்த புதிதில் ஆள் மாறிக் காலில் விழுந்துவிட்டு, அசடு வழிய எழுந்து நிற்பார்கள்.

சீடர் பெயர் பூவலிங்கம். ஒரு காலத்தில் வாத்து வேட்டைக்காரர். மடத்து வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்பது இப்போது அவர் வேலை. யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பார். பக்கத்தில் உட்காரவைத்துத் தன் கதையைச் சொல்வார்.

"நானும் உங்கள மாதிரிதான் அலைஞ்சேன். இங்க வந்தேன். நிம்மதி கிடைச்சிருச்சு. நீங்களும் வாங்க, உங்களுக்கும் கிடைக்கும்" என்று முடிப்பார்.

நல்ல குரல் அவருக்கு. கேட்டவர்களில் பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்துவிடுவார்கள். மடம் அப்படித்தான் வளர்ந்தது.

இந்தப் பேச்சு அவருடைய சொந்தப் பேச்சு இல்லை. அவர் வந்தபோது மடம் என்று ஒன்றும் இல்லை, ஒரு கீற்றுக் கொட்டகைதான். அதன் வாசலில் இளவயசுச் சாமியார் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் இதே வார்த்தைகளைப் பூவலிங்கத்திடம் சொன்னார். அந்தச் சாமியார்தான் குரு.

ஒரு சாயங்காலம் பூவலிங்கம் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். அவர் முகமே சரியில்லை.

"சாமி, வாசல்ல இனிமே வேற யாரையாவது உக்கார வைங்க."

"ஏன்?"

"அலுத்துப்போச்சு."

பூவலிங்கமே தொடர்ந்தார்.

"வண்டிக்காரர் தெய்வேந்திரன் நாளைக்குக் காலையில வர்றாரு. மாட்டையும் வண்டியையும் மச்சினன்கிட்ட ஒப்படைச்சிட்டு, இங்கயே தங்கிரலாம்னு. எல்லாம் நான் பேசினதக் கேட்டுத்தான்."

"சரி."

"அவரு சம்சாரம் இன்னைக்கு மத்தியானம் என்னைத் தேடி வந்துச்சு. இடுப்புல கைப்பிள்ளை. அழுகல, சண்டை போடல. ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு."

"என்ன கேட்டாங்க?"

"நிம்மதி கிடைச்சிருச்சுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களாமே, நெசமாவே கிடைச்சுதா? கிடைச்சுதுன்னா சொல்லிருங்க, நான் தடுக்கல, பிள்ளைய நானே வளத்துக்கிறேன்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காலையில சொல்றேன்னு சொன்னேன்."

பூவலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்க்கிற காலம் இல்லை அது.

"கிடைச்சுதா?" என்று குரு கேட்டார்.

"வந்த புதுசுல நாளைக்கே கிடைச்சிரும்னு இருந்துச்சு. அப்புறம் அடுத்த மழைக்குள்ள கிடைச்சிரும்னு இருந்துச்சு. இப்ப அப்படியெல்லாம் தோணுறதில்ல சாமி. வாய் மட்டும் சொல்லிக்கிட்டிருக்கு."

குரு கடிந்துகொள்ளவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

"உங்க ஆளுங்க வாத்து எப்படிப் பிடிப்பாங்க?" என்று கேட்டார்.

பூவலிங்கத்துக்குச் சுருக்கென்றது. தன் வயிற்றெரிச்சலைச் சொல்ல வந்தால் இவர் வாத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று தோன்றியது.

"அது இப்ப எதுக்கு சாமி?"

"சொல்லுங்களேன்."

சொல்ல ஆரம்பித்தார். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான். போகப்போக முதுகு நிமிர்ந்துவிட்டது.

"வலை இருக்கு, கண்ணி இருக்கு. ஆனா எங்களுக்குப் பானைதான். மொதல்ல கண்மாயில வெறும் பானையா நாலஞ்சைக் கவுத்து மிதக்க விட்ருவோம். காட்டு வாத்து மொத நாளு மிரளும். அப்புறம் அதுபாட்டுக்குப் பானைக்கு நடுவுல மேய ஆரம்பிச்சிரும். அதுக்குப் பயம் விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சதும், கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்ட பானை ஒண்ணைத் தலையில கவுத்துக்கிட்டுக் கழுத்தளவு தண்ணியில எறங்கணும். இருக்கிற பானையோட இதுவும் ஒரு பானை. அலுங்காமப் பக்கத்துல போயி, தண்ணிக்கடியில காலைப் பிடிச்சு இழுத்தா முடிஞ்சுது. மத்த வாத்துக்கு, அது முங்கிப்போச்சுன்னுதான் தெரியும்."

"சத்தம் போடாதா?"

"போட நேரமிருக்காது சாமி."

"அதுக வேற கண்மாய்க்குப் போயிட்டா?"

"அதுக்குத்தான் நம்ம வாத்து ஒண்ணு வச்சிருப்போம். பழக்கின வாத்து. கரையோரமாக் குச்சி ஊனி, அதுல கட்டிப்போட்ருவோம். அது கூப்பிடும். மேல போற கூட்டம் அந்தக் குரலக் கேட்டு எறங்கும்."

"எதுக்குக் கூப்பிடுது?"

"பழக்கந்தான்" என்றார் பூவலிங்கம். அவசரமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

"இப்ப யாரு பிடிக்கிறது?"

"எங்க மாப்பிள்ளை வீரணன். இங்க வந்தப்ப பானை, வலை, வாத்துக்கூடு, அவன் அக்கா எல்லாத்தையும் அவன்கிட்டதான் விட்டுட்டு வந்தேன்."

வீரணனின் அக்காதான் பூவலிங்கத்தின் மனைவி. அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது.

"விடியக்காலம் போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார் குரு.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் நேரத்தில் இருவரும் கரையில் ஏறிக் கருவேலம் புதர் ஒன்றின் மறைவில் உட்கார்ந்தார்கள். குருவின் துண்டு முனையில் ஒரு கை பொரி முடிந்திருந்தது. அதுதான் அவருடைய காலைச் சாப்பாடு. சாப்பாட்டு விஷயத்தில் அவரைப் பற்றிப் புகார் சொல்ல ஒன்றும் கிடையாது.

தண்ணீரில் பானைகள் மிதந்தன. எந்தப் பானைக்குள் வீரணன் இருக்கிறான் என்று பார்த்தவுடன் தெரியவில்லை. பூவலிங்கம் மட்டும் ஒரு பானையைக் கண்ணால் காட்டினார். அது காற்றுக்கு அசையவில்லை. அதன் ஓட்டைகள் நடுக்கண்மாயைப் பார்த்திருந்தன.

கரையோரம் சேற்றில் ஊன்றிய குச்சியில் பழக்கின வாத்து கட்டிக் கிடந்தது. கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டே இருந்தது. தொண்டை கிழியக் கத்தியது. சுற்றிலும் ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர்தான்.

"ராத்திரி பூரா வயல்ல மேஞ்சுட்டு இப்பதான் கூட்டம் திரும்பும். இந்தச் சத்தத்துக்கு இங்க எறங்கிரும்" என்று பூவலிங்கம் காதோரம் சொன்னார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் குரு கருவேலம் புதரைவிட்டு இறங்கிப் போய்விட்டார். குனிந்து உட்கார்ந்தார். துண்டு முனையை அவிழ்த்துப் பொரி முழுவதையும் வாத்தின் முன்னால் கொட்டினார்.

பூவலிங்கத்துக்குப் பதறியது. வேண்டாம் என்று கையாட்டினார். குரு அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வாத்து அரக்கப்பரக்கத் தின்றது. கடைசிப் பொரியைச் சேற்றோடு சேர்த்து விழுங்கியது. பிறகு இறகை ஒருமுறை உதறிக்கொண்டது. அலகை இறக்கைக்குள் செருகிக்கொண்டு சும்மா இருந்துவிட்டது.

குரு திரும்பி வந்து புதரருகே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வயல் பக்கமிருந்து கூட்டம் வந்தது. கண்மாயை ஒரு வட்டம் சுற்றியது. கீழிருந்து யாரும் கூப்பிடவில்லை. இன்னொரு வட்டம்கூடச் சுற்றாமல் அப்படியே அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போய்விட்டது.

நெடுநேரம் கழித்து அந்த அசையாத பானை எழுந்தது. வீரணன் அதைத் தலையிலிருந்து கழற்றிக்கொண்டு, குளிரில் பல் கிட்டிக்கக் கரைக்கு வந்தான். வாத்தைப் பார்த்தான். குருவின் துண்டில் ஒட்டியிருந்த பொரியைப் பார்த்தான்.

"என்ன சாமி இப்படிப் பண்ணிட்டீங்க!"

"கத்துச்சு. போட்டேன்" என்றார் குரு.

"கத்தட்டும்னுதானே நேத்துலருந்து பட்டினி போட்டு வச்சிருக்கேன்! வயிறு நெறஞ்ச வாத்து எதுக்குக் கத்தும்? பசியில கத்தும், மேல போறதுக இங்க இரை கிடக்குன்னு நெனச்சு எறங்கும். இதுகூடத் தெரியாம..." அவன் பூவலிங்கத்தின் பக்கம் திரும்பினான். "அத்தான், உங்களுக்குத் தெரியுமில்ல? நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க. சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? இன்னைக்கு வீட்டுல என்னத்தப் பொங்குறது?"

வீரணன் வாத்தை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, பானையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். போகிற போக்கில் ஏதோ முணுமுணுத்தான். அது இருவருக்குமே நன்றாகக் கேட்டது.

"ஒரு மரக்கா அரிசி வீரணன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க" என்றார் குரு.

"சரி சாமி."

இருவரும் மடத்துக்குத் திரும்பினார்கள். பூவலிங்கம் அடிக்கடி நின்று மூச்சு வாங்கினார். அவர் நிற்கும்போதெல்லாம் குருவும் நின்றார்.

மடத்து வாசலில் தெய்வேந்திரன் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். குளித்துத் திருநீறு பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். எதிரே புளியமரத்தடியில் அவர் மனைவி பிள்ளையோடு நின்றாள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை. பூவலிங்கத்தைத்தான் பார்த்தாள்.

"வந்துட்டேன்யா" என்று எழுந்தார் தெய்வேந்திரன்.

பூவலிங்கம் தண்ணீர் கொடுக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"தெய்வேந்திரன், எனக்குக் கிடைக்கல" என்றார்.

"என்னது?"

"நிம்மதி. கிடைச்சிருச்சுன்னு சொன்னேன்ல? கிடைக்கல."

தெய்வேந்திரன் சிரித்தார். ஏதோ பரீட்சை வைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பூவலிங்கத்தின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பெறகு ஏன்யா அப்படிச் சொன்னீங்க? நான் மாட்டை விட்டுட்டு வந்திருக்கேன். ராத்திரி பிள்ளை அழுதுச்சு, தூக்கலை. தூக்கினா மனசு மாறிரும்னு தூக்கலை."

பூவலிங்கம் மரத்தடியில் இருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு வேணும்னு இருந்துச்சு. ரொம்ப வேணும்னு இருந்துச்சு. அந்த ஏக்கத்துல பேசுனதுதான் அதெல்லாம். உங்களுக்கு அது கிடைச்ச குரலாக் கேட்ருச்சு."

"இங்க இருந்தா எனக்காவது கிடைக்குமா?"

"தெரியாது."

தெய்வேந்திரன் குருவைப் பார்த்தார். குரு சும்மா நின்றார். மரத்தடியில் பிள்ளை சிணுங்கியது.

தெய்வேந்திரன் மூட்டையை எடுத்தார். இரண்டடி நடந்தார். திரும்பி வந்து பூவலிங்கத்தின் முன்னால் நின்றார். அடித்துவிடுவார் என்றுதான் தோன்றியது. அவர் அடிக்கவில்லை. "நல்லா இருங்க" என்றார். அடித்திருந்தால் பூவலிங்கம் இன்னும் சுலபமாகத் தாங்கியிருப்பார்.

மரத்தடிக்குப் போய் மனைவியிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். அவள் மூட்டையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பூவலிங்கத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு இருவரும் நடந்தார்கள்.

பாதை திரும்பும் வரைக்கும் பூவலிங்கம் பார்த்துக்கொண்டே நின்றார். தன் மனைவி இப்படி வாசல் வரைக்கும் வந்து நின்ற நாள் அவருக்கு நினைவு வந்தது. அன்று அவர் உள்ளே போய்விட்டார்.

முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். வழக்கமாக உட்காரும் இடம்தான்.

"சாமி."

"ம்."

"நான் வந்த அன்னைக்கு நீங்க இந்த இடத்துலதான் உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"நிம்மதி கிடைச்சிருச்சு, நீங்களும் வாங்கன்னு கூப்பிட்டீங்க."

"கூப்பிட்டேன்."

"நெசமாவே கிடைச்சுதா சாமி?"

குரு பொரி இல்லாத துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு படியில் பூவலிங்கத்தின் பக்கத்தில், அவரைவிட ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"நீங்க வந்த அன்னைக்கு நானும் பட்டினிதான், பூவலிங்கம்" என்றார்.