ஒரு பிடி கொள்ளு

கடிகாரமும் மைல்கல்லும் இல்லாத காலத்துக் கதை இது. சந்தேகம் வந்தால் கையைத் தூக்குங்கள். குறுக்கே பேசினால் பாதியில் எழுந்து போய்விடுவேன்.

அப்போது மலையடிவாரக் கோட்டை ஒன்றில் ஒரு ராஜா இருந்தார். கடற்கரையிலிருந்து அவர் கோட்டை வாசல் பத்துக் காதம். வழியில் மூன்று சாவடிகள், சாவடிக்கு ஒரு கல்தொட்டி. வருஷம் ஒருமுறை அந்தச் சாலையில் குதிரைப் பந்தயம். விடியலில் கிளம்பி விளக்கு வைப்பதற்குள் வந்து சேர வேண்டும். புளியமர நிழலில் ஊரே நிற்கும். தூரத்தில் குளம்புச் சத்தம் கேட்டதும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சத்தமும் போயிற்று, அந்த நிழலும் போயிற்று.

குதிரைகள் எல்லாம் ராஜாவுடையவை. ஜெயித்தவனுக்கு அவன் ஏறி வந்த குதிரையே பரிசு. அந்த வருஷம் தோற்ற குதிரைகளைக் கப்பல் வியாபாரிக்கு விற்பதாகப் பேச்சு முடிந்திருந்தது.

ஒரு வழக்கமும் உண்டு. முதலில் வந்த குதிரைக்கு ராஜா தன் கையால் ஒரு பிடி ஊறவைத்த கொள்ளு நீட்டுவார். அது தின்றால்தான் வெற்றி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மாலை போடுவதுபோல அதுவும் ஒரு சடங்கு என்றே நினைத்தார்கள். எந்தக் குதிரையும் அதுவரை மறுத்ததில்லை. தின்ன மறுக்கும் அளவுக்கு அதுவரை யாரும் குதிரையை விரட்டியதும் இல்லை.

லாயக்காரன் கொற்றன் ஏறியது செம்பி என்ற பெண்குதிரை. அவள் பிறந்த அன்று வைக்கோலால் துடைத்து நிற்க வைத்தவன் அவன். அவள் கப்பல் ஏறினால் அவனுக்கு உயிரே போன மாதிரி.

படைவீரன் மழவன் ஏறியது ஒரு கறுப்புக் குதிரை. இரண்டு வருஷம் தோற்றவன். "இந்தத் தடவையும் தோற்றால் மீசையை எடுத்துவிடுகிறேன்" என்று கடைத்தெருவில் சவால் விட்டிருந்தான். யாராவது கேட்டார்களா அவனை?

மற்றவர்கள் வெகுதூரம் பின்தங்கிவிட, முதல் சாவடியில் இந்த இரண்டு குதிரைகளும் வயிறாரத் தண்ணீர் குடித்தன. இரண்டாவது சாவடியில் கறுப்பு இரண்டு வாய் குடிப்பதற்குள் மழவன் கடிவாளத்தை இழுத்தான். மூன்றாவது சாவடிக்குக் கொற்றன்தான் முதலில் வந்தான். இறங்கி, செம்பியின் மார்பில் கையை வைத்துப் பார்த்தான். உரலில் இடிக்கிற மாதிரி அடித்தது. காத்திருந்தான். அடங்கவில்லை.

கோட்டைக் கொடி கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே ஓட்டம் ஓட்டினால் செம்பி அவனுடையவள். ஓட்டினால் செம்பி இருப்பாளா?

சேணத்தைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அவளோடு நடக்க ஆரம்பித்தான்.

சாவடியில் நிற்காமலே வந்த மழவன் அவனைத் தாண்டும்போது சிரித்தான். "என்ன கொற்றா, அடுத்து குதிரை உன் மேல் ஏறி வருமா?"

"ஏறட்டுமே. தலைக்கனம் இல்லாத ஜீவன், தாங்கிக்கொள்வேன்."

மழவன்தான் முதலில் வந்தான். ராஜா கொள்ளு நீட்டினார். கறுப்பு முகர்ந்தது, தின்னவில்லை. மறுபடி நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் முறை நீட்டியபோது முழங்கால் மடங்கி அப்படியே படுத்துவிட்டது.

"கூட்டத்தைப் பார்த்து வெட்கம், மகாராஜா!" என்றான் மழவன்.

"நீ வந்துவிட்டாய் மழவா. உன் குதிரை இன்னும் வந்து சேரவில்லை."

விளக்கேற்றுகிறவன் திரி திரித்துக்கொண்டிருந்தபோது கொற்றன் நடந்து வந்தான். ராஜாவைக் கும்பிடக்கூட மறந்து, கீழே கிடந்த கறுப்பிடம் ஓடினான். குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றினான். அது கண் திறந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான்.

அங்கே செம்பி ராஜாவின் கையிலிருந்த கொள்ளைத் தின்று முடித்து, உள்ளங்கையை நக்கிவிட்டு, பட்டுச் சால்வையை மெல்ல ஆரம்பித்திருந்தாள்.

அவள் அவனுக்கே சொந்தமானாள். கறுப்பை விற்கக் கூடாது என்று ராஜா சொல்லிவிட்டார். மழவன் மீசையை எடுத்தான். பார்க்கச் சுமாராக இருந்தான் என்று கேள்வி.

பந்தயத்துக்குப் பிறகு கொற்றன் செம்பி மேல் ஏறவே இல்லை. அவளுக்கு வயதாகிப் பிடரி நரைத்த பிறகும், சாயங்காலம் இருவரும் புளியமரங்கள் வரை சேர்ந்து நடந்து போவார்களாம். அதைப் பார்க்கவே சனங்கள் வாசலுக்கு வருவார்களாம்.

ஏறி வந்தவனின் பெருமையைவிடச் சுமந்து வந்த ஜீவனின் மூச்சே பெரிது.