பந்தலை விட்டு இறங்கிய கொடி

செடிகொடிகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அடம்பங்கொடி இன்றுபோல் கடற்கரை மணலில் படர்ந்து கிடந்ததில்லை. பந்தலில்தான் இருந்தது. அதன் இலை விரித்த உள்ளங்கைபோல் அகன்றிருக்கும். கறுத்த பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அது ஒரு திராட்சைக்கொடி.

அதைக் கானல்மேட்டுக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவன் உத்தண்டி என்ற கப்பல்காரன். மேற்கே ஏதோ ஒரு துறைமுகத்தில் திராட்சை தின்றவனுக்கு அந்த ருசி நாக்கை விட்டுப் போகவில்லை. ஒரு கொம்பை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிக் கப்பலில் ஏற்றினான். நடுக்கடலில் குடிதண்ணீர் குறைந்தது. தன் பங்கில் பாதியை அந்தத் துணியில் ஊற்றினான். உடன் வந்தவர்கள் அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள்.

கானல்மேட்டில் இறங்கியதும் ஊரும் அதையேதான் சொன்னது. மணலும் உப்புக்காற்றும் தாழம்புதரும் தவிர அங்கே என்ன இருந்தது? ஆனால் மேட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு பள்ளத்தில், நல்ல தண்ணீர் ஊறியது. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியிலிருந்த கடல்தண்ணீரின் மேல் பாலாடைபோல் மிதந்து நின்றது. உத்தண்டி அங்கே ஆழமில்லாமல் ஒரு கிணறு தோண்டினான். பனங்கட்டைகளை நட்டுப் பந்தல் போட்டான். கொம்பு வேர் பிடித்துத் துளிர்த்த அன்று, அது முதன்முதலாக அவனிடம் வாய் திறந்தது.

"என் மண்ணைவிட்டு என்னைப் பிரித்துக் கொண்டுவந்துவிட்டாய். உனக்குப் பிறகு எனக்கு யார் இருக்கிறார்கள்?"

"என் வீட்டில் ஒரு ஆள் இருக்கும்வரை உனக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள்," என்றான் உத்தண்டி. "அது என் வாக்கு."

"உன் வீட்டில் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள் இருக்கும்வரை நான் இந்தப் பந்தலை விட்டு இறங்கமாட்டேன். இது என் வாக்கு," என்றது கொடி.

இரண்டு பேரும் சொன்னபடியே இருந்தார்கள். தோட்டத்துக்கு வேலி கிடையாது. வலை இழுத்துக் களைத்து வருபவர்கள் பந்தலடியில் உட்கார்ந்து பழம் தின்றுவிட்டுப் போனார்கள். உத்தண்டியின் மகள் உமையாள் அந்தப் பந்தலின் கீழேதான் தவழ்ந்தாள், நடந்தாள், பேசப் பழகினாள். கொடியை அவள் அக்கா என்று கூப்பிட்டாள். தாய் இல்லாத பிள்ளை. தலைவலி, பல்வலி எல்லாவற்றையும் கொடியிடம்தான் சொல்வாள். கொடியும் எந்தக் கணுவில் பூச்சி அரிக்கிறது என்பதை அவளிடம்தான் சொல்லும்.

ஒரு ஐப்பசிப் புயலில் உத்தண்டியின் கப்பல் திரும்பி வரவில்லை. உமையாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடத்தை எடுத்தாள். அதன்பிறகு அவளே ஊற்றினாள். தவசி என்ற கட்டுமரக்காரன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே வந்து குடியிருந்தான். அவர்களுக்குச் சேந்தி என்று ஒரு பெண்குழந்தை பிறந்தது.

அந்த நாட்டு அரசன் ஒரு போரில் ஜெயித்தான். ஜெயித்துக் கொடுத்த தளபதி திருமல்லனுக்கு ஏதாவது கொடுக்கவேண்டியிருந்தது. கடற்கரையில் திராட்சை காய்க்கும் அதிசயத்தை யாரோ சொல்ல, கானல்மேட்டை அவனுக்குக் கொடுத்துவிட்டான். அங்கே ஒருத்தி பிறந்து வளர்ந்து குடியிருக்கிறாள் என்பது அரசனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

திருமல்லன் வந்து மேட்டின்மேல் மாளிகை கட்டினான். தோட்டத்தைச் சுற்றி மதில் எழுப்பினான். உமையாளை வெளியே அனுப்பிவிட்டு, தன் ஆட்களைத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். அந்த வருஷம் பழம் வாயில் வைக்க முடியாமல் புளித்தது. அவன் உமையாளைத் திரும்பக் கூப்பிட்டான்.

"நீ வேலைக்காரியாக இருந்துகொள்," என்றான். "மதிலோரம் குடிசை போட்டுக்கொள். பழத்தில் கை வைக்கக்கூடாது."

தவசிக்கு அது பொறுக்கவில்லை. "போய்விடலாம் உமையா," என்றான். "தெற்கே என் அத்தை ஊர் இருக்கிறது. அங்கேயும் மணல்தான், அங்கேயும் ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது. உன் அக்காவிடம் கேட்டு ஒரு கொம்பு ஒடித்துக்கொள். உன் அப்பா கொண்டுவந்த மாதிரியே கொண்டுபோவோம்."

உமையாள் கொடியிடம் போய்க் கேட்டாள்.

"ஈரத்துணிக்குள் கிடந்து கடல் தாண்டியதை நான் இன்னும் மறக்கவில்லை," என்றது கொடி. "ஒரு கொம்பு போய்ப் பிழைக்கலாம். இங்கே மிச்சமிருக்கும் நான் என்ன ஆவேன்? கண்டவன் கைத்தண்ணீரில் புளித்துச் சாவேன். போகாதே உமையா."

அவள் போகவில்லை. அவள் போகாததால் தவசியும் போகவில்லை.

திருமல்லன் அந்த மாளிகையில் அதிக நாள் இருக்கவில்லை. கடலுக்கு அப்பாலிருந்து பாய்மரக் கப்பல்கள் வந்தன. அவற்றின் தலைவனுடைய பெயர் ஊரார் வாயில் நுழையவில்லை. சீமான் என்று கூப்பிட்டார்கள். மாளிகைக் கதவை உடைத்து உள்ளே போனவன் மாலையில் முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். திருமல்லன் எங்கே போனான் என்று யாரும் கேட்கவில்லை. அதே வாரம், தன் கப்பல்களுக்கு ஆள் போதவில்லை என்று கரையில் தோள்வலு உள்ளவர்களையெல்லாம் சீமான் பிடித்து ஏற்றினான். தவசி அப்போதுதான் கட்டுமரத்தைக் கரையேற்றிக்கொண்டிருந்தான். சேந்தி அவனுக்குக் கஞ்சி எடுத்துப் போயிருந்தாள். அவள் கலயத்தோடு திரும்பி வந்து, "அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் அம்மா," என்றாள்.

உமையாள் மேட்டின்மேல் ஏறிப் பார்த்தபோது கப்பல் கண்ணுக்கெட்டாத தூரம் போயிருந்தது. அவள் திரும்பி வந்து தண்ணீர் ஊற்றினாள்.

சீமானுக்குப் பழம் தின்ன ஆசையில்லை. சாறு பிழிந்து, பீப்பாயில் ஊறவைத்து, கப்பலில் ஏற்றவேண்டும். ஒரு கொடி எதற்குக் காணும்? தன் நாட்டிலிருந்து கட்டுக்கட்டாகக் கொம்புகளை வரவழைத்து மேடு முழுக்க நட்டான். அத்தனைக்கும் தண்ணீர் இறைத்ததில் கிணறு வற்றியது.

"ஆழமாகத் தோண்டுங்கள்," என்றான்.

உமையாள் அவன் முன்னால் போய் நின்றாள். "ஐயா, இது மிதக்கிற தண்ணீர். அடியில் கடல் இருக்கிறது. தோண்டினால் உப்பு ஏறிவிடும். ஒரு மழைக்காலம் பொறுங்கள், தானாக ஊறும்."

"மழைக்காலம்வரை என் கொம்புகள் பொறுக்குமா?" என்று கேட்டான் சீமான். அவன் கோபப்படவில்லை. சிரிக்கவும் இல்லை. தோண்டச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு உள்ளே போனான்.

தோண்டினார்கள். முதல்நாள் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அடுத்த வாரம் அது கரித்தது. அதற்கடுத்த வாரம் புதுக் கொம்புகள் வரிசை வரிசையாகக் கருகின. அந்த வருஷம் மழையும் பொய்த்தது. ஊர்க்கிணறுகளிலும் உப்பு ஏறி, ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போனார்கள். சீமானுக்கு மட்டும் கப்பலில் பீப்பாய்த் தண்ணீர் வந்தது; அதில் ஒரு வாய்கூட மாளிகையை விட்டு வெளியே வரவில்லை.

உமையாளும் கிளம்பியிருப்பாள். மூட்டைகூடக் கட்டிவிட்டாள். அன்றைக்குத்தான் சேந்திக்குக் காய்ச்சல் கண்டது. நடக்கமுடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில்லாத வழியில் எவ்வளவு தூரம் போவது? சற்று இறங்கட்டும் என்று இருந்தாள். காய்ச்சல் இறங்கவில்லை.

பழைய பள்ளத்தின் ஓரத்தில், தாழம்வேர்களுக்கு நடுவே, இன்னும் கொஞ்சம் நல்ல தண்ணீர் கசிந்தது. காலையில் போய்க் கையால் மணலைப் பறித்துவிட்டுக் காத்திருந்தால் ஒரு சின்னக் கலயம் சேரும். அதில் பாதியைப் பிள்ளைக்குக் கொடுத்தாள். பாதியைக் கொடிக்கு ஊற்றினாள். தன் நாக்கை ஈரத் தாழைமடலால் துடைத்துக்கொண்டாள்.

கொடியில் இலையெல்லாம் உதிர்ந்து, ஒரே ஒரு கொத்து மட்டும் காயாகத் தொங்கியது.

"உமையா," என்றது கொடி. "பிள்ளை எப்படி இருக்கிறாள்?"

"அனலாகக் கொதிக்கிறாள் அக்கா. கண் திறக்கமாட்டேன் என்கிறாள்."

"இந்தக் கொத்து மட்டும் பழுத்துவிட்டால் போதும். என் பழச்சாறு காய்ச்சலைத் தணிக்கும். உனக்குச் சின்னவயதில் இதே மாதிரி வந்தபோது உன் அப்பா பிழிந்து ஊற்றியதுதான். ஆனால் இந்தப் பாதிக் கலயத்தில் அது பழுக்காது, உதிர்ந்துவிடும். இரண்டொரு நாள் எல்லாவற்றையும் எனக்கே ஊற்று. பிள்ளைக்குப் பழமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்."

கொடி பொய் சொல்லவில்லை. அது அப்படித்தான் நம்பியது. தன் தாகத்தைத் தணித்துக்கொள்ளும் ஆசையும் அந்த நம்பிக்கைக்குள் இருந்தது என்பது அப்போது அதற்கே தெரியவில்லை.

உமையாள் கலயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடிசையைப் பார்த்தாள். கொத்தைப் பார்த்தாள். உடலில் தெம்பு இருந்தால் வேறு ஏதாவது யோசித்திருப்பாள். கலயத்தை முழுசாகக் கொடியின் வேரில் கவிழ்த்தாள்.

உள்ளே போனதும் சேந்தி, "தண்ணி," என்றாள்.

"நாளைக்குப் பழம் தருகிறேன் கண்ணு."

"சரிம்மா," என்றாள் சேந்தி. பிடிவாதம் பிடிக்கிற பிள்ளை அவள். அன்றைக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளும் முழுக் கலயமும் கொடிக்கே போனது. கொத்து மளமளவென்று நிறம் மாறியது. விடிந்தபோது ஒவ்வொரு பழமும் கறுத்துப் பளபளத்தது. கொடி, "உமையா, வா, பறித்துக்கொள்," என்று கூப்பிட்டது. அவள் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டது. வெயில் ஏறிய பிறகு அவள் வாசலுக்கு வந்தாள். தோளில் சேந்தி கிடந்தாள். கை இரண்டும் தளர்ந்து தொங்கின.

கொடிக்குப் புரிந்தது.

"என்னை வெட்டிப் போடு உமையா," என்றது.

"வெட்டி என்ன ஆகப்போகிறது?"

"அன்றைக்குப் போகாதே என்று தடுத்தேன். தவசி போனான். முந்தாநாள் எனக்கே ஊற்று என்றேன்."

"நீ கேட்டாய். நான் ஊற்றினேன்," என்றாள் உமையாள். கொடியிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதில் பழி இல்லை. அதனால்தான் கொடியால் அதைத் தாங்கமுடியவில்லை.

அவள் மதிலைத் தாண்டிப்போய், அலை ஏறாத மணலில், கையாலேயே குழி பறித்துப் பிள்ளையை வைத்து மூடினாள். அருகிலேயே தவசியின் கட்டுமரம் கிடந்தது. அதைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தவசியைத் தேடிப் போனாளோ, இந்தக் கரையில் இருக்கமுடியாமல் போனாளோ, யாருக்குத் தெரியும்? மூன்றாவது அலையைத் தாண்டியதும் உட்கார்ந்து துடுப்புப் போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கொடி பந்தலை விட்டது. சுருள் சுருளாகப் பற்றியிருந்த பிடியையெல்லாம் தானே அறுத்துக்கொண்டு மணலில் விழுந்தது. விழுந்த வேகத்தில், அந்த இரண்டு நாள் தண்ணீரில் துளிர்த்திருந்த தளிரிலைகள் நுனியிலிருந்து பிளந்து இரண்டிரண்டாயின. பழக்கொத்து நசுங்கியது.

சீமான் ஆட்களை விட்டு அதைத் தூக்கிப் பந்தலில் கயிறுபோட்டுக் கட்டினான். விடிந்தபோது அது தரையில் கிடந்தது. திரும்பவும் கட்டினான். திரும்பவும் இறங்கியது.

"ஏன் இறங்குகிறாய்?" என்று கேட்டான் அவன்.

"அந்த வீட்டில் தண்ணீர் ஊற்ற இனிமேல் ஆள் இல்லை," என்றது கொடி. அதன்பிறகு அது யாரோடும் பேசவில்லை.

அது மதிலின் அடியில் நுழைந்து வெளியே ஊர்ந்தது. காற்று அந்தச் சின்னக் குழியின் மணலை ஏற்கெனவே கிளற ஆரம்பித்திருந்தது. கொடி அதன்மேல் பின்னிப் பின்னிப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் இறக்கி, மணலைப் பிடித்து நிறுத்தியது. நல்ல தண்ணீரைத் தேடவில்லை. உப்பையே குடித்தது. பழம் தருவதையும் விட்டுவிட்டது. ஒரு கிளையை மட்டும் கடலை நோக்கி நீட்டியது. அலை வந்து அதைக் கரைக்குத் தள்ளியது. மறுபடியும் நீட்டியது.

வெறும் மணலாகிவிட்ட தோட்டத்தைச் சீமான் விட்டுப் போனான். பிறகும் அந்த இடத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒருவன் உப்பளம் போட்டான். ஒருவன் மாளிகையை இடித்துக் கல்லை எடுத்துப்போனான். கடைசியில் கடலே வந்து மதிலைத் தின்றது. கொடி யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. உமையாள் போன வழியில் தானும் போக முடியாததால், சதையில்லாத காய்களைக் காய்த்து, அந்தக் காய்ந்த விதைகளைத் தண்ணீரில் விட்டது. விதைகள் மிதந்து போயின. ஒதுங்கிய கரையிலெல்லாம் முளைத்து, மணலில் ஊர்ந்து, கடலைப் பார்த்துக் காத்துக் கிடந்தன.

அன்று பிடித்துத்தான் அடம்பங்கொடிக்குப் பிளந்த இலையும், உப்பைக் குடிக்கும் வேரும், தின்ன உதவாத காயும் வந்தன. அன்று பிடித்துத்தான் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் அது அங்கே கிடக்கிறது. எந்தக் கரையிலும் உமையாள் இல்லை.